செல் 44-க்கு ஒரு கடிதம்: இந்தப் பாட்டு உங்களிடம் எப்படி வந்து சேர்ந்தது?

அம்பத்தூர் ஆண்டெனா:

அறுபதுகளின் இங்கிலாந்து ராக் குழு ஸாம்பீஸ். அவர்களின் ‘கேர் ஆஃப் செல் 44’ பாட்டு தெரிந்தவர்கள் மேலே படியுங்கள். தெரியாதவர்கள் நாலு நிமிஷம் ஒதுக்கிக் கேட்டுவிட்டு வாருங்கள், அவசரம் இல்லை.

2016. மனைவி பிரசவத்துக்குத் திண்டுக்கல்லில் அம்மா வீட்டில். எனக்கு நைட் ஷிஃப்ட். பீட்டில்ஸ் பாட்டு ஒன்று முடிந்து, தானாக அடுத்தது ஓடியது. பியானோ துள்ளிக்கொண்டு வந்தது. காலை வணக்கம் சொல்லி ஆரம்பித்தார் ஒருவர். நீ சீக்கிரமே வீட்டுக்கு வரப்போகிறாய், எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா என்கிற மாதிரி போகிறது. தலைப்பில் செல் 44 என்று இருந்ததா, செல்போன் நம்பரின் கடைசி இரண்டு இலக்கம் என்றே எடுத்துக்கொண்டேன். சிரிக்காதீர்கள். அது 1967-ஆம் வருடப் பாட்டு என்றே அப்போது எனக்குத் தெரியாது.

குழந்தைக்கு மூன்றாம் மாதம். அழைத்து வரப் போவதற்கு முதல் நாள் இரவு அந்தப் பாட்டை வாட்ஸ்ஆப்பில் அனுப்பி, ‘நமக்காகவே எழுதினது’ என்று இரண்டு இதயமும் போட்டேன். மனைவி பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். பத்து நிமிஷத்தில் போன் வந்தது. “ஏங்க, எங்க அம்மா வீடு உங்களுக்கு ஜெயிலா?” ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள். பின்னாலிருந்து மாமியார், “யாருடி ஜெயில்ல?” என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. வழக்கமாக எட்டாவது இட்லி வரை விடமாட்டார். மறுநாள் காலை நாலோடு நிறுத்திவிட்டார்.

செல் என்றால் சிறை அறை. அன்று இரவே மறுபடி கேட்டேன். ஜெயில் என்ற சொல் நட்ட நடுவில், எந்த மாற்றமும் இல்லாமல், அதே குதூகலத்தோடு வருகிறது. அறை தயாராக இருக்கிறது, ரயில் டிக்கெட்டுக்குப் பணம் சேர்த்துவிட்டேன், வந்ததும் ஜெயில் கதையைச் சொல்லு என்கிறார். இத்தனை தடவை கேட்டும் இது எப்படிக் காதில் விழாமல் போனது? உங்களுக்கு எப்போது விழுந்தது, சொல்லுங்கள்.

ஹாரோ அக்கா:

எனக்கு முதல் தடவையே விளங்கினது. ஆனால் வேறு ஒன்று நடந்தது.

சாரிட்டி கடையில் 1 பவுண்டுக்கு வாங்கின சிடி அது, ‘ஒடெஸ்ஸி அண்ட் ஆரகிள்’. காரில் போட்டேன், உள்ளே சிக்கிக்கொண்டது. வெளியே வராது, ஆனால் பாடும். காரை ஸ்டார்ட் பண்ணினால் முதல் பாட்டிலிருந்து தொடங்கும், முதல் பாட்டு இதுதான். ஒரு வருஷமாக வேலைக்குப் போகும்போதெல்லாம் இதுதான்.

2011-இல் அண்ணாவைப் பிடித்துத் தடுப்பு மையத்தில் வைத்திருந்தார்கள், விசா விஷயம். ஐந்து மாதம். பிணை கிடைத்துவிட்டது என்று வக்கீல் மதியம் சொன்னார், ஆளை விட்டது இரவு எட்டு மணிக்கு. நான் கார் பார்க்கில். மழை. அண்ணா ஒரு கண்ணாடிப் பிளாஸ்டிக் பையோடு வந்தார், உள்ளே இருக்கிற பனியன், பிரஷ் எல்லாம் வெளியே தெரிந்தது. அதைப் பார்க்க ஏலாமல் நான் அவசரமாகக் காரை ஸ்டார்ட் பண்ணினேன். அப்போதுதான் நினைவு வந்தது. பியானோ தொடங்கிவிட்டது. கையை நீட்டி நிறுத்தப் போனேன். அண்ணா, “விடு, பாடட்டும்” என்றார்.

முழுப் பாட்டும் கேட்டார். இடையில் எல்லா வாத்தியமும் நின்று குரல்கள் மட்டும் வருமே, அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். பெரிய ரோட்டுக்கு ஏறின பிறகு, “நல்லாயிருக்கு. என்ன பாட்டு இது?” என்று கேட்டார். அவருக்கு அந்த நாளில் ஆங்கிலம் மட்டுமட்டு. நான், “சும்மா ஒரு பழைய காதல் பாட்டு, அண்ணா” என்றேன்.

இன்று வரைக்கும் சொல்லவில்லை. பொய்யும் இல்லைத்தானே? ஆனாலும் ஏதோ உறுத்துகிறது.

மோனோ மாமா:

முதலில் ஒரு திருத்தம். யாருக்கும் தெரியாத பாட்டு என்ற தொனியில் பேசவேண்டாம். ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் 500 சிறந்த ஆல்பங்கள் பட்டியலில் இந்த ஆல்பம் 2003-இல் 80-ஆவது இடம். 2012-இல் 100. 2020-இல் 243. (இறங்கிக்கொண்டே போகிறது, அது வேறு வயிற்றெரிச்சல்.) 2019-இல் குழுவை ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் என்கிற அமெரிக்கப் புகழ் மண்டபத்திலும் சேர்த்துவிட்டார்கள். ஆனால் இந்தப் பாட்டு என்று பார்த்தால், ஆண்டெனா தம்பி பக்கம் நியாயம் இருக்கிறது. 1967 நவம்பரில் சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டு ரெக்கார்டாக வந்தது, பிரிட்டனில் பட்டியலுக்குள்ளேயே வரவில்லை. அடுத்த மாதமே குழு கலைந்தது. ஆல்பம் 1968 ஏப்ரலில் வெளிவந்தபோது அதைப் பாட ஆளே இல்லை.

என் கதை சின்னது. 1986, லண்டன், பழைய ரெக்கார்டு கடை. பூவும் கொடியுமாக வரைந்த அட்டை, அசல் மோனோ பதிப்பு, அதாவது இடம் வலம் என்று பிரிக்காமல் ஒரே தடத்தில் ஒலி வருவது. விலை என் ஒரு வார மளிகைக் காசு. கையில் எடுத்துவிட்டேன். அப்புறம் பார்த்தால் ஒடிஸி என்பதன் ஸ்பெல்லிங் தப்பு. நம் ஊர் புத்தி, டூப்ளிகேட் போலிருக்கிறது என்று திரும்ப வைத்துவிட்டு வந்தேன். அட்டை வரைந்த டெர்ரி குவிர்க் செய்த பிழை அது என்றும், வேண்டுமென்றே செய்ததாகக் குழுவே பல வருஷம் சமாளித்தது என்றும் பின்னால்தான் படித்தேன். மறுநாளே போயிருந்தாலும் கிடைத்திருக்கும். நான் போனது அடுத்த மாதம்.

சரி, இப்போது முக்கியமான விஷயம். இதை எப்படிக் கேட்கவேண்டும்?

செல்போன் ஸ்பீக்கரில் கேட்டால் பாதிப் பாட்டு போய்விடும். கிறிஸ் ஒயிட்டின் பேஸ் கிட்டாரைக் கவனியுங்கள். அது தாளம் காட்ட மட்டும் வரவில்லை, கூடவே இன்னொரு மெட்டு பாடிக்கொண்டு போகிறது. அடுத்து மெல்லோட்ரான் என்ற பழைய கீபோர்டு. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு துண்டு டேப் இருக்கும், அதில் புல்லாங்குழலோ வயலினோ பதிந்திருக்கும். கட்டையை அழுத்தினால் சுமார் எட்டு வினாடி ஓடும், பிறகு விட்டுத்தான் ஆகவேண்டும். ஆபி ரோடு ஸ்டுடியோவில் பீட்டில்ஸ் விட்டுப்போன மெல்லோட்ரானைத்தான் குழுவின் கீபோர்டுக்காரர் ராட் ஆர்ஜென்ட் இந்த ஆல்பத்துக்கு வாசித்தார்.

பதிப்பு விஷயம். முதலில் மோனோவுக்குத்தான் மிக்ஸ் செய்தார்கள். மொத்த பட்ஜெட் 1,000 பவுண்டு. அது தீர்ந்தபிறகு, ஸ்டீரியோவும் வேண்டும் என்றது கம்பெனி. ஆர்ஜென்ட்டும் ஒயிட்டும் சொந்தக் காசைப் போட்டு முடித்தார்கள். பாட்டு எழுதினவர்கள் என்பதால் ராயல்டி வந்துகொண்டிருந்தது, மற்ற மூவருக்கும் அதுவும் இல்லை. குழு உடைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். இதே ஆல்பத்தின் இன்னொரு பாட்டில் ஊதுவாத்தியங்களை மோனோ மிக்ஸின் மேலேயே நேரடியாகப் பதிந்துவிட்டதால், அதற்கு உண்மையான ஸ்டீரியோவே எடுக்க முடியவில்லை. ஆகவே மோனோதான் வாங்கவேண்டும். வாங்கினால் மோனோ கார்ட்ரிட்ஜும் (பிளேயரில் ஊசி மாட்டியிருக்கும் பாகம்) வாங்குங்கள். ரெக்கார்டைக் கழுவும்போது குழாய்த் தண்ணீர் கூடாது, டிஸ்டில்டு வாட்டர், ஒரு சொட்டு சோப்பு, மென்மையான பிரஷ், வட்டமாகத்தான் துடைக்கவேண்டும். நட்ட நிலையில் காயவையுங்கள். வெயிலில் வேண்டாம். ஃபேனுக்கு அடியிலும் வேண்டாம், தூசி.

அம்பத்தூர் ஆண்டெனா:

மாமா, என்னிடம் இருப்பது ஒரே ஒரு புளூடூத் ஸ்பீக்கர். அதையும் குழந்தை கஞ்சிக் கிண்ணத்துக்குள் போட்டுவிட்டான். டிஸ்டில்டு வாட்டர் அதற்கும் ஆகுமா?

நேர்வழி:

எல்லோரும் ஏன் உருகுகிறீர்கள் என்று தெரியவில்லை. ஜெயிலில் இருந்து வருகிறவரிடம் பிக்னிக் போகிற மாதிரிப் பாடுவது எனக்கு ஒப்பவில்லை. சிறையைப் பற்றிப் பாட அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் இருக்கிறார். இந்த ஆல்பம் வந்த அதே 1968-இல், ஜனவரியில் கலிஃபோர்னியாவின் ஃபோல்சம் சிறைக்குள்ளேயே போய்க் கைதிகள் முன்னால் பாடிப் பதிவுசெய்தார். அது பாட்டு. இதை ஒரு தடவை கேட்டேன், ஹோட்டலில் காலை டிபன் வரிசையில் நிற்கும்போது ஓடியது. பூரிக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

ஏழு ஐம்பது ரயில்:

நான் லண்டனுக்குப் பக்கத்து ஊரான செயின்ட் ஆல்பன்ஸில் பதினோரு வருடமாக இருக்கிறேன். ஸாம்பீஸ் இந்த ஊர்ப் பிள்ளைகள். பள்ளி வயதுப் பையன்களாக அவர்கள் முதன்முதலில் சந்தித்தது பிளாக்ஸ்மித்ஸ் ஆர்ம்ஸ் என்ற பப்பில், சுவரில் பலகை பதித்திருக்கிறார்கள். அதன் பக்கமாக எத்தனையோ தடவை நடந்து போயிருக்கிறேன், பெயரைப் பார்த்து ஏதோ பேய்ப்படக் குழு என்று நினைத்துக்கொண்டு.

பக்கத்து வீட்டில் ஒரு முதியவர், தனியாக இருந்தார். கொரோனா சமயம் அவருக்கு மளிகை வாங்கிக் கொடுப்பேன். வாசலில் வைத்துவிட்டு ஆறடி தள்ளி நின்று இரண்டு வார்த்தை பேசுவோம். ஒருநாள் உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. என்ன பாட்டு என்று கேட்டேன். உள்ளே போய் ஒரு சின்ன ரெக்கார்டை எடுத்துவந்து ஜன்னல் கண்ணாடியில் வைத்துக் காட்டினார், ஆரஞ்சு நிற லேபிள், சிபிஎஸ் ரெக்கார்டு கம்பெனியுடையது. வந்த புதிதில் இந்த ஊர்க் கடையிலேயே வாங்கியதாம். “வாங்கியது நான் ஒருத்தன்தான் போலிருக்கிறது” என்றார். அவ்வளவு நாளில் அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுத்த வசந்தத்தில் போய்விட்டார். வீட்டைக் காலி செய்ய வந்தவர்கள் பெட்டி பெட்டியாகக் குப்பை வண்டியில் ஏற்றினார்கள். நான் மீட்டிங்கில் இருந்தேன், ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே. மைக்கை அணைத்துவிட்டு இறங்கிப் போய்க் கேட்டிருக்கலாம்.

நேர்வழி அண்ணா, பூரி விஷயம் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்குள் அடைபட்டிருந்த ஒருவர் இதைத் தேடி எடுத்துப் போட்டிருந்தார். அழுகைப் பாட்டைப் போட்டுக்கொள்ளவில்லை.

பால்கனி டிக்கெட்:

நேர்வழிக்கு நான் பதில் சொல்கிறேன். இது கைதியைப் பற்றிய பாட்டே இல்லை, கடிதம். சிறைக்குக் கடிதம் எழுதியவர்களைக் கேட்டுப் பாருங்கள். உள்ளே இருப்பவருக்கு யாரும் அழுகையை எழுதமாட்டார்கள். அறையைப் பெருக்கி வைத்திருக்கிறேன், ஜன்னலில் வெயில் வருகிறது, டிக்கெட்டுக்குப் பணம் இருக்கிறது என்றுதான் எழுதுவார்கள். பணம் சேர்த்தேன் என்று சொல்லும்போதே எழுதுகிறவரின் நிலைமையும் தெரிந்துவிடுகிறது. என்ன குற்றம் என்று ஒரு சொல் இல்லை. உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்பதுகூட இல்லை. ஜானி கேஷ் உள்ளே இருக்கிறவனாகப் பாடினார், இது வெளியே காத்திருக்கிறவர் பாடுவது. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் எப்படி?

மாமாவுக்கும் ஒன்று. பாட ஆளே இல்லை என்றீர்கள். நாற்பது வருடம் கழித்துப் பாடினார்கள். 2008 மார்ச், லண்டனில் ஷெப்பர்ட்ஸ் புஷ் எம்பயர் அரங்கம். முழு ஆல்பத்தையும் முதன்முதலாக மேடையில். நான் மேல் பால்கனியில், தூண் பாதி மறைக்கிற சீட். கிட்டார் வாசித்த பால் அட்கின்சன் 2004-இலேயே இறந்துவிட்டார், மற்ற நால்வரும் நின்றார்கள்.

எனக்கு இருந்த பயம் குரல்கள் மட்டும் வரும் அந்த இடத்தைப் பற்றித்தான். அறுபது வயதைத் தொட்டவர்கள், வாத்தியம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு எப்படிப் பிடிக்கப்போகிறார்கள்? வாத்தியம் நின்றது. பிடித்துவிட்டார்கள். எனக்கு முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்திருக்க முயன்று, முடியாமல், முன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மேடையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாடகர் காலின் பிளன்ஸ்டோன் எப்படி நின்றார், என்ன சட்டை போட்டிருந்தார் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அத்தனை பணம் கொடுத்துப் போய்!

போகிற போக்கில் ஒன்று. குழு கலைந்ததும் பிளன்ஸ்டோன் லண்டனில் ஒரு காப்பீட்டு ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தார், திருட்டு இழப்பீட்டுப் பிரிவில். இதைப் படித்தபோது இந்தப் பாட்டைத்தான் நினைத்துக்கொண்டேன்.

நேர்வழி:

கடிதம் என்று சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். மறுபடி கேட்டேன். மெட்டு இன்னும் பூரிதான்.

மோனோ மாமா:

ஹாரோ அக்காவுக்கு: சிக்கின சிடியை எடுக்க ஒரு வழி இருக்கிறது. எஞ்சினை அணைத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிப் பத்து நிமிஷம் வையுங்கள். திரும்ப மாட்டியதும் எஜெக்ட் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். வரவில்லை என்றால் இன்னொரு காலி சிடியை மேலே மெதுவாக ஒரு அங்குலம் நுழைத்து, லேசாகக் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டு எஜெக்ட் செய்யவேண்டும். கத்தி, ஸ்க்ரூடிரைவர் எதையும் விடாதீர்கள். வந்ததும் சிடியைத் துடைக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு, ரெக்கார்டு மாதிரி வட்டமாக அல்ல.

ஹாரோ அக்கா:

நன்றி மாமா. அந்தக் காரை 2014-இல் விற்றாயிற்று, சிடியோடுதான் போனது. வாங்க வந்த பெடியன் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தான், பாட்டுத் தொடங்கினது. நிறுத்த ஏலாதா என்று கேட்டான். சத்தத்தைக் குறைக்கலாம் என்றேன். 50 பவுண்டு குறைத்துத்தான் எடுத்தான்.

அண்ணாவுக்கு இப்போது ஆங்கிலம் நன்றாகவே வரும். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறார்.