‘பேட்டரி நிலை: நன்று’ என்று காட்டிய கைப்பேசி: உங்கள் அனுபவம் என்ன?

காவேரிப்பட்டணத்தான்

கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு கடையில் பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசி வாங்கினேன். விலையும் மாடலும் இங்கே தேவையில்லை. பேட்டரி எப்படி இருக்கிறது என்று கேட்டபோது, கடைக்காரர் ஒரு வார்த்தையும் பேசாமல் *#*#4636#*#* என்ற சோதனைக் குறியீட்டை அடித்து, திறந்த திரையில் ‘பேட்டரி நிலை: நன்று’ என்ற பொருள்படும் வரியின் மேல் நகத்தால் தட்டிக் காட்டினார். மறுபேச்சு இல்லாமல் பணத்தைக் கொடுத்துவிட்டேன். பிறகு சேலம் செல்லும் பேருந்து தொப்பூர் கணவாயில் இறங்கிக்கொண்டிருந்தபோது, 34 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த கைப்பேசி, கேமராவைத் திறந்த நொடியில் அணைந்துபோனது.

அந்த வரி பேட்டரியின் கொள்ளளவைச் சொல்வதே இல்லை என்று பின்னர் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். பேட்டரி அளவுக்கு மீறிச் சூடாகவில்லை, மின்னழுத்தம் எல்லை தாண்டவில்லை, அடியோடு செத்துப்போகவில்லை என்ற அளவில்தான் அது ‘நன்று’ என்கிறது. பாதித் திறனை இழந்த பேட்டரிக்கும் அதே சொல்தான் வரும். இது அந்தக் கடைக்காரருக்குத் தெரிந்திருந்ததா, அல்லது அவரும் என்னைப் போலவே நம்பித்தான் தட்டிக் காட்டினாரா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஓசூர் இரவுப்பணி

எங்கள் வீட்டில் நடந்தது இதற்கு நேர்மாறானது. தம்பி வாங்கி வந்த பழைய கைப்பேசியில், பேட்டரியின் கொள்ளளவைக் கணிக்கும் அக்யூபேட்டரி செயலியை நிறுவி, சில முறை சார்ஜ் செய்து பார்த்தோம். பெட்டியில் 4,500 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி, அதாவது பேட்டரி கொள்ளும் மின்னூட்டம்) என்று அச்சிடப்பட்டிருக்க, செயலியோ 2,200-ஐ ஒட்டியே காட்டிக்கொண்டிருந்தது. பாதி பேட்டரியைப் போட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று அப்பா கொதித்தெழுந்து, விற்றவரின் வீட்டு வாசலுக்கே போய் நின்றுவிட்டார்.

விற்ற பையன் பதற்றமே படாமல், “உள்ளே ரெண்டு செல் இருக்கு மாமா, இது ஒன்னைத்தான் கணக்கு எடுக்குது” என்றான். அவன் சொன்னது சரிதான். அதிவேக சார்ஜிங் உள்ள சில மாடல்களில் பேட்டரிக்குள் இரண்டு செல்களை, அதாவது இரண்டு தனி மின்கலங்களை, ஒன்றையடுத்து ஒன்றாகத் தொடர் இணைப்பில் வைத்திருப்பார்கள். அவற்றின் வழியே ஓடும் மின்னோட்டம் ஒன்றே என்பதால், அந்த மின்னோட்டத்தை மட்டும் கூட்டிப் பார்க்கும் செயலிக்குப் பாதிக் கணக்கே கிடைக்கிறது. அப்பா மட்டும் இன்னும் அந்தப் பையனை முழுதாக நம்பவில்லை. செயலி என்ன எண் காட்டுகிறது என்பதற்கு முன்னால், அந்தக் கைப்பேசிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டறிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பென்னாகரம் சாலை

நான் பேட்டரி மாற்றப் போகவில்லை. திரைக்குக் கண்ணாடி ஒட்டுவதற்காகத் தருமபுரியில் ஒரு சர்வீஸ் கடையில் காத்திருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் ஐபோனுக்குப் புது பேட்டரி போடச் சொல்லியிருந்தார். பழைய பேட்டரியிலிருந்து, பேட்டரி நிலையின் கணக்கு பதிந்திருக்கும் சிறிய சர்க்யூட் துண்டை எடுத்துப் புதியதில் பற்றவைத்து, ஒரு கருவியில் செருகிய பையன் தலையை நிமிர்த்தாமலேயே கேட்டான்: “அண்ணா, எத்தனை சதவீதம் காட்டணும்? நூறு வெச்சிடட்டுமா?”

அந்த மனிதர் சற்று யோசித்துவிட்டு, “நூறு வேண்டாம்பா, நம்ப மாட்டாங்க. தொண்ணூத்தாறு வை” என்றார். அவர் அதை விற்கப் போகிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதை வாங்கியவர் யாரோ, இப்போது இதைப் படித்துக்கொண்டிருக்கிறாரோ என்று எண்ணிப் பார்க்கிறேன்.

அரூர் முன்னாள் ஆசிரியர்

என் அனுபவம் சிறியது. சார்ஜரிலிருந்து எவ்வளவு மின்சாரம் போகிறது என்று அளக்கும் யூஎஸ்பி மீட்டர் வழியே மகனின் கைப்பேசியைச் சார்ஜ் செய்தபோது மீட்டர் 4,400 எம்ஏஎச் காட்டியது. பேட்டரியில் எழுதியிருந்ததோ 5,000. 12 சதவீதம் தேய்ந்துவிட்டது என்று அவன் உடனே தீர்ப்பு எழுதிவிட்டான். கணக்குப் பாடம் எடுத்த வீட்டில் இப்படி ஒரு கணக்கா என்பதே என் வருத்தம்.

பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் 5,000 எம்ஏஎச் என்பது செல்லின் சராசரி மின்னழுத்தத்தில், அதாவது சுமார் 3.85 வோல்ட்டில் எடுத்த கணக்கு. மீட்டர் அளப்பதோ சார்ஜரிலிருந்து வரும் 5 வோல்ட்டிலோ 9 வோல்ட்டிலோ ஓடும் மின்னோட்டத்தை. இவ்விரண்டையும் எம்ஏஎச்சில் ஒப்பிடவே கூடாது. மின்னழுத்தத்தையும் சேர்த்துக் கணக்கிடும் ஆற்றல் அலகான வாட்-மணியில்தான் ஒப்பிட வேண்டும். 5,000 எம்ஏஎச்சை, அதாவது 5 ஆம்பியர்-மணியை, 3.85-ஆல் பெருக்கினால் 19.25 வாட்-மணி வருகிறது. சார்ஜ் ஆகும்போது பத்து முதல் இருபது சதவீதம் வரை வெப்பமாக வீணாவதால், புதிய பேட்டரி முழுதாக நிரம்ப மீட்டரின் பக்கம் ஏறக்குறைய 21 முதல் 24 வாட்-மணி ஆகும். என் மகன் பார்த்த 4,400 என்பது 5 வோல்ட்டில் 22 வாட்-மணி. அந்தப் பேட்டரியில் சொல்லும்படியான தேய்மானம் எதுவும் இல்லை.

ஓசூர் நண்பர் செயலியின் எண்ணை இரண்டாம் இடத்துக்குத் தள்ளுவதை என்னால் ஏற்க இயலவில்லை. செயலியில் பிழை இல்லை. அதற்குக் கொடுத்த தகவலில்தான் பிழை. எத்தனை சதவீதம் ஏறுவதற்கு எவ்வளவு மின்னூட்டம் உள்ளே போனது என்பதை அது கூட்டுகிறது. ஒரே ஒரு சார்ஜை வைத்து முடிவு சொல்லாமல் பல முறை பார்த்துச் சராசரி எடுக்கிறது. 70-லிருந்து 80 வரை மட்டும் சார்ஜ் செய்துவிட்டு அதன் மேல் குறை சொல்பவர்கள் 15-லிருந்து 100 வரை ஏற்றிப் பார்க்க வேண்டும். அப்போதும் கைப்பேசியில் பாட்டு ஓடக் கூடாது, ஹாட்ஸ்பாட் திறந்திருக்கக் கூடாது. மீட்டரில் அளப்பதாக இருந்தால் கைப்பேசியை அணைத்தே வைத்துவிடலாம். பெட்டியில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் வழக்கமான கொள்ளளவு; உத்தரவாதமான குறைந்தபட்சக் கொள்ளளவு அதைவிடச் சற்றே குறைவாக, சிறிய எழுத்தில் எங்கேனும் இருக்கும். ஆகவே புதுக் கைப்பேசி 97 சதவீதம் காட்டினால் அதற்காக யாரிடமும் சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தேய்மானத்துக்குச் சார்ஜ் சுழற்சி, அதாவது முழுதாகத் தீர்ந்து நிரம்பும் எண்ணிக்கை, மட்டும் காரணமில்லை. நூறு சதவீதத்தில் நிரப்பி, வெப்பத்தில் போட்டு வைப்பதே மிகக் கெட்டது. பேட்டரிக்குள் இருக்கும் மின்வாயின் (மின்னோட்டம் நுழைந்து வெளியேறும் தகட்டின்) மேல் படியும் படலம் தடித்துக்கொண்டே போய், பயன்படக்கூடிய லித்தியத்தைத் தின்றுவிடுகிறது. சித்திரை வெயிலில் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே கைப்பேசியை மாட்டி, சார்ஜும் போட்டு, வழிகாட்டும் வரைபடத்தையும் ஓட்டுபவர்கள் பேட்டரி தேய்ந்துவிட்டதென்று வியப்பது எனக்கு வியப்பு. இரவு முழுவதும் தலையணைக்கு அடியில் வைப்பவர்களுக்கும் இதே பதில்தான்.

பாலக்கோடு மண்டி

ஐயா, நீங்கள் சொல்வதெல்லாம் சரியாகவே இருக்கட்டும். ஆனால் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே வாட்-மணி பார்க்க யாருக்கு நேரமிருக்கிறது? எங்கள் மண்டி எழுத்தரின் கைப்பேசியைச் சோதிக்க எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. மேசையில் வைத்தால் பம்பரம் போலச் சுற்றியது. பின்மூடி ஓரம் பிரிந்திருந்தது. பார்த்தவுடன் பேட்டரி உப்பிவிட்டது என்று தெரிந்தது. அதை எடுத்துக்கொண்டு போனால், பழுது பார்ப்பவர் கட்டைவிரலை வைத்து அழுத்தி, பசை தடவி, ரப்பர் வளையம் மாட்டி, “காலையில வந்து வாங்கிக்குங்க” என்றார். அந்தக் கட்டைவிரல் அழுந்தியபோது நான் இரண்டடி பின்வாங்கியது எனக்கே தெரியும்.

உள்ளே சேர்ந்திருப்பது வாயு. அழுத்தினாலோ குத்தினாலோ தீப்பற்றக்கூடியது. உப்பிய பிறகு எத்தனை சதவீதம் என்று பார்க்கும் கேள்விக்கே இடமில்லை, கழற்றி ஒப்படைப்பதுதான் ஒரே வழி.

கிருஷ்ணகிரி சர்வீஸ்

இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். பென்னாகரம் சாலை நண்பர் பார்த்தது உண்மைதான், அந்தக் கருவி பல கடைகளில் இருக்கிறது. ஆனால் எல்லாக் கடைக்காரர்களும் அதை ஏமாற்றுவதற்காகவே வைத்திருப்பதாக எண்ண வேண்டாம். நிறுவனத்தின் அசல் பேட்டரி இல்லையென்றால் அண்மைக்கால ஐபோன்கள் ‘தெரியாத பாகம்’ என்று எச்சரிக்கும்; முன்பெல்லாம் பேட்டரி நிலையையும் காட்டாமல் மறைத்துவிடும். அந்த எச்சரிக்கையைக் கண்டு பயந்து, எங்களிடமே சண்டைக்கு வருபவர்கள் பலர்.

என் மனத்தில் நிற்பது வேறொரு நாள். ஒரு தந்தை கல்லூரிக்குப் போகும் மகளை அழைத்து வந்தார். ஐபோனில் பேட்டரி நிலை 79 சதவீதம். 80-க்குக் கீழே போனதால் சர்வீஸ் தேவை என்று திரையில் வந்திருந்தது. ஐபோன் 14 வரையிலான மாடல்களின் பேட்டரியை 500 முழுச் சுழற்சிகளுக்குப் பிறகும் 80 சதவீதம் இருக்கும்படியும், 15 மாடல்களில் 1,000 சுழற்சிகளுக்கும் வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் சொல்கிறது என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எங்க காலத்துல முப்பத்தஞ்சு எடுத்தா பாஸ். எழுபத்தொன்பதுக்குப் பெயிலா?” என்று கேட்டார். அந்தக் கைப்பேசி மாலை வரை தாராளமாக நிற்கிறது, இடையில் அணைவதுமில்லை என்று மகளே சொன்னதால், மாற்ற வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். அதே வாரத்தில் அவர்கள் வேறு கடையில் மாற்றிக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன்.

காவேரிப்பட்டணத்து நண்பருக்கு: 34 சதவீதத்தில் அணைந்தது கொள்ளளவு குறைந்ததால் மட்டுமன்று. பழைய பேட்டரியில் உள்மின்தடை, அதாவது பேட்டரிக்குள்ளேயே மின்னோட்டத்தைத் தடுக்கும் தன்மை, கூடிவிடுகிறது. கேமரா திடீரென்று அதிக மின்னோட்டம் கேட்கும்போது மின்னழுத்தம் சரிந்து, கைப்பேசி தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. பழைய கைப்பேசி வாங்குபவர்கள் சதவீதத்தைக் கேட்பதற்குப் பதிலாக, சார்ஜ் முப்பதுக்கு வரும் வரை காத்திருந்து, திரையின் வெளிச்சத்தை முழுதாக ஏற்றி, அங்கேயே சில நிமிடம் வீடியோ எடுத்துப் பார்க்கட்டும். நல்ல பேட்டரி மெதுவாக இறங்கும். கெட்டது படி தாண்டிக் குதிக்கும். மாற்றும்போது பேட்டரியின் மேல் ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும், ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவெண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்தப் பதிவெண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) பிஐஎஸ் கேர் செயலியில் சரிபார்க்க முடியும்.

ஓசூர் இரவுப்பணி

ஆசிரியர் ஐயாவுக்கு ஒரு திருத்தம். செயலியில் பிழை இருப்பதாக நான் எழுதவே இல்லை. மேலும், இவ்வளவு சுற்றுவழி தேவைப்படுவதற்குக் காரணம் தயாரிப்பாளர்கள்தாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் புதிய மாடல்களின் பேட்டரி 800 சுழற்சிக்குப் பிறகும் 80 சதவீதம் தாங்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. அதன் நிலையும் சுழற்சி எண்ணிக்கையும் பயனருக்குத் தெரியவும் வேண்டும். பிக்சல் 8ஏ முதலான சில மாடல்களில் அமைப்புகளுக்குள்ளேயே அந்தப் பக்கம் இருக்கிறது. எல்லா ஆண்ட்ராய்டிலும் அது இருந்தால் கடைக்காரர் எதையும் தட்டிக் காட்ட வேண்டியிருக்காது.

அரூர் முன்னாள் ஆசிரியர்

திருத்தத்தை ஏற்கிறேன். ஆனால் அமைப்புகளில் வரும் எண்ணும் மதிப்பீடுதான், அளவீடு அன்று. அதையும் மீட்டரில் வைத்துச் சரிபார்ப்பேன்.

காவேரிப்பட்டணத்தான்

ஐயா சொன்னபடியே கைப்பேசியை அணைத்து வைத்து, மீட்டர் வழியே பூஜ்யத்திலிருந்து நிரப்பிப் பார்த்தேன். 5,000 எம்ஏஎச் பேட்டரிக்கு 16 வாட்-மணியில் நின்றுவிட்டது. இழப்பாக 15 சதவீதத்தைக் கழித்தால் 13.6; 19.25-க்கு அது ஏறக்குறைய 70 சதவீதம். செயலி 74 என்கிறது. எது சரி என்று நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். எப்படியும் நான் பேட்டரியை மாற்றிவிடப் போகிறேன். பதிவெண் உள்ள பேட்டரி எந்த மாடல்களுக்குக் கிடைக்கிறது என்று சர்வீஸ் அண்ணன் ஒரு பட்டியல் போட்டால் உதவியாக இருக்கும்.