அம்மாவின் பூர்வீகப் பங்கு: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 1984-ல் கல்யாணம், அதனால் 1989-ல் தமிழ்நாட்டில் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தந்த சட்டம் அவருக்குப் பொருந்தவில்லை, அதற்கு முன்பே மணமானவர்களை அது விட்டுவிட்டது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மத்திய அரசு 2005-ல் கொண்டுவந்த திருத்தம்தான் அவரையும் சேர்த்தது. தாத்தா 2001-லேயே இறந்துவிட்டார், ஆனாலும் உரிமை உண்டு என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. மாமாக்களோ, "நகை போட்டு சீர் செய்தாச்சே, அப்புறம் என்ன பங்கு?" என்கிறார்கள், 1998-லேயே வாய்மொழியாகப் பாகம் பிரித்தாச்சாம், பத்திரம் எதுவும் கிடையாது. அந்த வயலில் நாற்று நட்டு வளர்ந்தவர் அம்மா, கேட்கவே கூச்சப்படுகிறார், எனக்கு மனசு பொறுக்கவில்லை. வாய்மொழிப் பாகம் என்ற வாதத்தை எதிர்கொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? வாரிசுச் சான்றிதழ், பழைய பட்டா, வில்லங்கச் சான்று தவிர வேறு என்ன எடுத்து வைக்க வேண்டும்? வழக்குக்குப் போகாமல் பேசித் தீர்த்தவர்கள் இருந்தால் அவசியம் எழுதுங்கள், அம்மாவுக்கு அண்ணன் தம்பி உறவும் வேண்டும்.