புது ஃபெண்டர், பழைய சில்வர்: கலர் சேருமா?

மடிப்பாக்கம்_ஸ்விஃப்ட்:
வண்டி 2014 ஸ்விஃப்ட், சில்கி சில்வர். அபார்ட்மென்ட் கேட்டில் உரசி இடதுபக்க முன் ஃபெண்டர் (முன் சக்கரத்துக்கு மேலே இருக்கிற தகடு) கிழிந்துவிட்டது. தட்டி நிமிர்த்தி பட்டி போடுவதைவிடப் புதுசே போடலாம் என்று டிங்கர் சொன்னார், வாங்கிவிட்டேன், கறுப்பு பிரைமரோடு வீட்டில் கிடக்கிறது. பட்டறைக்காரர் "தனியாக வைத்தே அடித்து மாட்டிவிடலாம் சார், கலர் கோடு (கம்பெனி கலருக்குக் கொடுக்கிற குறியீடு) இருந்தால் கம்ப்யூட்டரில் கலந்து தருவார்கள், அச்சு அசலாக வரும்" என்கிறார். ஆனால் எங்கள் தெருவில் ஒரு சில்வர் வண்டி நிற்கிறது, காலையில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, சாயங்காலம் வெயில் சாய்ந்ததும் ஒரு கதவு மட்டும் துண்டாகத் தெரியும். தினமும் அதைப் பார்த்துப் பார்த்தே பயமாக இருக்கிறது. கோடு சரியாக இருந்தால் போதாதா?

பழசே_போதும்:
புதுசு எதற்கு வாங்கினீர்கள்? புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைகளில் சில்வர் ஸ்விஃப்ட்டில் கழற்றிய ஃபெண்டர் கிடைத்திருக்குமே, பெயின்ட் செலவே இல்லை. என் வண்டிக்கு டிக்கி கதவு அப்படித்தான் போட்டேன், இன்று வரை யாரும் கேட்டதில்லை.

பட்டறை_அண்ணாச்சி:
மேலே சொன்னவருக்கு அதிர்ஷ்டம், அவ்வளவுதான். நிழலில் நின்ற வண்டியின் சில்வரும் வெயிலில் நின்ற வண்டியின் சில்வரும் பத்து வருஷத்தில் வேறு வேறாகிவிடும்.

தம்பி, பதினெட்டு வருஷமாக பெயின்ட் அடிக்கிற ஸ்ப்ரே கன் பிடிக்கிறேன். கோடு வேண்டும்தான், உங்கள் கலருக்கு இசட்2எஸ், பானெட்டைத் திறந்தால் உள்ளே தகட்டில் அடித்திருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அது கம்பெனியிலிருந்து வந்த அன்றைக்கான கலர். அதைவிட முக்கியம், சில்வருக்குள் இருப்பது அலுமினியத் தூள். ஈரமாக, கனமாக அடித்தால் அது உள்ளே இறங்கி கலர் கருக்கும், தள்ளி நின்று காய்வாக அடித்தால் மேலேயே நின்று வெளுக்கும். ஒரே டப்பாவை எடுத்து நானும் என் பையனும் அடித்தாலே இரண்டு ஷேடு வரும், இதில் கம்ப்யூட்டர் என்ன செய்யும்? உங்கள் தெரு வண்டியின் கதவு சாய்வெயிலில் காட்டிக்கொடுப்பதும் இதனால்தான். நேராகப் பார்க்கும்போது சேர்ந்த கலர், பக்கவாட்டில் சேராது.

செய்ய வேண்டியது இது. முதலில் பக்கத்துக் கதவை காம்பவுண்டு (பாலிஷ் பசை) போட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் அழுக்குக்குக் கலர் சேர்த்த மாதிரி ஆகிவிடும். அப்புறம் அதே கன், அதே காற்று அழுத்தம், ஒரு அட்டையில் அடித்து மேலே கிளியரும் (நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) போட்டு, காய்ந்த பிறகு கதவோடு ஒட்டிப் பிடித்துப் பார்க்க வேண்டும். ஷெட்டுக்குள் டியூப்லைட்டில் பார்த்தால் போதாது, வெளியே கொண்டுபோய் நேராகவும் சாய்த்தும் பாருங்கள். இரண்டு மூன்று அட்டை ஆகும், அதற்குச் சலித்துக்கொள்கிற பெயின்டரிடம் கொடுக்காதீர்கள்.

ஃபெண்டரின் உள்பக்கத்தையும் ஓரங்களையும் மட்டும் தனியாக வைத்து அடிக்கலாம். வெளிப்பக்கம் வண்டியில் மாட்டிய பிறகுதான். கதவின் முன் ஓரத்திலிருந்து பாதி வரை கலரைக் கொஞ்சம் கொஞ்சமாக மெலிதாக்கி இழுத்துவிட்டு, கிளியரைக் கதவு முழுக்கப் போட வேண்டும். அப்போது கலர் எங்கே மாறுகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. இதைச் சொன்னால் பாதிப் பேர் "நன்றாக இருக்கிற கதவில் ஏன் கை வைக்கிறாய்" என்று சண்டைக்கு வருவார்கள், சரி என்று ஃபெண்டரை மட்டும் அடித்துக் கொடுத்தால் மறுநாளே திரும்பி வருவார்கள்.

மடிப்பாக்கம்_ஸ்விஃப்ட்:
அண்ணாச்சி, நானும் அந்தக் கேள்வியைத்தான் கேட்க வந்தேன்! ஒரிஜினல் பெயின்ட் போய்விடாதா? இன்சூரன்ஸில் போடலாமா?

பட்டறை_அண்ணாச்சி:
போகாது, மேல்பளபளப்பை மட்டும் லேசாக உரசி அதன் மேல்தான் அடிப்போம். மழை நாளில் மட்டும் அடிக்க விடாதீர்கள், ஈரக்காற்றில் கிளியர் மங்கிவிடும்.

வெள்ளை_முத்து:
இன்சூரன்ஸ் பற்றி நான் சொல்கிறேன். பத்து வருஷம் தாண்டிய வண்டிக்கு சாதா பாலிசியில் இரும்பு பாகத்துக்கே 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள், பெயின்ட் பொருளுக்கும் 50. அதோடு கிளெய்ம் கேட்காதவர்களுக்குப் பிரீமியத்தில் தருகிற தள்ளுபடி, அந்த நோ கிளெய்ம் போனஸும் போகும். ஒரு ஃபெண்டருக்காக வேண்டாம், கைக்காசில் முடியுங்கள். என்னுடையது முத்து வெள்ளை, வெள்ளை அடித்து அதன் மேல் முத்து, அதற்கு மேல் கிளியர் என்று மூன்று அடுக்கு, நான் பட்ட பாடு தனிக் கதை.

இன்னொன்று, பம்பரோடு ஒப்பிட்டுக் கலர் பார்க்காதீர்கள். அது பிளாஸ்டிக், பாடியை வேகவைக்கிற சூடு தாங்காது என்று தனியாகக் குறைந்த சூட்டில் அடிப்பார்கள். புது வண்டியிலேயே லேசாக வித்தியாசம் இருக்கும்.

மடிப்பாக்கம்_ஸ்விஃப்ட்:
முடிந்தது. வேறு பெயின்டரிடம் கொடுத்தேன், கதவுக்கும் சேர்த்து 6,500 ஆனது. மூன்றாவது அட்டைதான் சேர்ந்தது, முதல் அட்டை ஷெட்டுக்குள் அப்படியே பொருந்தி வாசலுக்கு வந்ததும் நீலம் அடித்தது, கண்ணால் பார்த்தேன். நேற்று சாயங்காலம் ஐந்தரை மணிக்கு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன், ஃபெண்டரும் கதவும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. இப்போது பம்பர்தான் வேறு ஷேடாகத் தெரிகிறது. டெலிவரி எடுத்த அன்று கோயில் வாசலில் எடுத்த போட்டோவைத் தேடி எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதிலும் அப்படியேதான் இருக்கிறது.