க்ரான் ஓடும் நேரத்தில் கரண்ட் இல்லை: நீலகிரி அனுபவங்கள்

குன்னூர், தேயிலை ஃபேக்டரி சர்வர்:
லினக்ஸில் குறித்த நேரத்துக்கு வேலைகளைத் தானாக ஓட்டுவது க்ரான்; நேரத்தை நிமிஷம், மணி, தேதி, மாதம், கிழமை என்ற வரிசையில் எழுத வேண்டும். பேக்கப் என்றாலே கை தானாக 0 2 * * *, அதாவது தினமும் அதிகாலை 2 மணி, என்று அடித்துவிடுகிறது. சமவெளியில் அது சரி. இங்கே ஆனி, ஆடிக் காற்றில் கம்பி மேல் மரம் சாய்ந்தால் ராத்திரி போன கரண்ட் விடிந்துதான் வரும். அதுவரை யூபிஎஸ் தாங்காது. க்ரானுக்கோ ஞாபகம் கிடையாது. 2 மணிக்கு மெஷின் அணைந்திருந்தால் அன்றைய பேக்கப் போயே போச்சு, 2.05க்கு எழுந்தாலும் விட்டதை ஓட்டாது, எர்ரரும் வராது.

முதலில் நேரத்தை மாற்ற வேண்டும். பசுந்தேயிலை எடைக் கணக்கு முடிந்த கையோடு, ஆள் இருக்கும்போதே ஓடட்டும். அடுத்தது அனாக்ரான். அதன் வரியில் நான்கு விஷயங்கள்: எத்தனை நாளுக்கு ஒருமுறை, மெஷின் எழுந்தபின் எத்தனை நிமிஷம் பொறுத்து, வேலையின் பெயர், கமாண்ட். கடைசியாக ஓடிய தேதியை அது எழுதி வைத்துக்கொள்வதால் விட்டுப்போனதைப் பிடித்துவிடும். ஆனால் அதன் கணக்கு நாள் கணக்கு. மணிக்கொரு முறை ஓடும் வேலைக்கு உதவாது. பொறுக்கும் நேரத்தை 20 நிமிஷத்துக்குக் குறைக்காதீர்கள். கரண்ட் வந்த புதிதில் இரண்டு மூன்று முறை போய்ப் போய் வரும். பாதி பேக்கப்பில் மெஷின் விழுந்தால் ஃபைல் இருக்கும், உள்ளே ஒன்றும் உருப்படியாக இருக்காது.

ஊட்டி:
சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நடத்தும் புரோகிராம்) இருக்கும் மெஷினில் அனாக்ரானே வேண்டாம் சார். டைமர் ஃபைலில், ஓட வேண்டிய நேரத்தைச் சொல்லும் ஆன்காலண்டர் வரியோடு பெர்சிஸ்டன்ட்=ட்ரூ சேர்த்தால் போதும், விட்டதை எழுந்தவுடன் ஓட்டிவிடும். அந்த "எழுந்தவுடன்"தான் வம்பு. ரேண்டமைஸ்டு டிலே 20 நிமிஷம் என்று போட்டால் 0 முதல் 20க்குள் எது வேண்டுமானாலும் விழலாம். கட்டாயம் 10 நிமிஷம் பொறுக்க வேண்டுமென்றால் வேலையின் கமாண்ட் இருக்கும் சர்வீஸ் ஃபைலில், அதற்கு முன் ஓடும் எக்ஸெக்ஸ்டார்ட்ப்ரீ வரியில் ஸ்லீப் 600 (விநாடி) கொடுங்கள். அதே ஃபைலில் டைப் ஒன்ஷாட்டாக இருக்க வேண்டும். சிம்பிள் என்று விட்டால், மாற்றாத பட்சத்தில் 90 விநாடி டைம்அவுட் வந்து வேலை தொடங்குமுன்னே செத்துவிடும். இன்னொன்று, எனேபிள் செய்ய வேண்டியது டைமரை, சர்வீஸை அல்ல.

கூடலூர், மழைமானி:
ராஸ்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டு வைத்திருப்பவர்களுக்குச் சிக்கல் வேறு. பை 4 வரை போர்டில் கடிகாரம் கிடையாது. 5ல் உண்டு, பேட்டரி தனியாக வாங்க வேண்டும். ஒன்பது மணி நேரம் அணைந்து எழுந்தால், கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்கும். நெட்டும் இல்லையென்றால் இன்றைய மழை நேற்றைய தேதியில் பதிவாகும். பிறகு என்டிபி (நெட் வழியே நேரத்தைச் சரிசெய்வது) வந்து நேரத்தைத் தள்ளும். டெபியன் லினக்ஸின் க்ரானில் மூன்று மணி நேரத்துக்குள் தள்ளினால், குறித்த நேரத்து வேலைகளில் இடையில் விட்டதை ஓட்டும்; அதற்கு மேல் போனால் நேரத்தைத் திருத்தியதாக எடுத்துக்கொண்டு சும்மா இருந்துவிடும்.

டிஎஸ்3231 என்ற பேட்டரிக் கடிகார மாட்யூல் ஒன்று மாட்டிவிட்டால் இது தீரும். சில மலிவு மாட்யூல்களில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் சர்க்யூட் இருக்கும். சார்ஜ் ஆகாத சிஆர்2032 பட்டன் பேட்டரி போட்டால் உப்பிவிடும், பார்த்து வாங்குங்கள்.

மழை அளவுக்கு நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை. சர்வர் யூடிசியில் (நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரம்) இருந்தால் கூட்டல் வேலைக்கு 0 3 * * * என்று சுத்தமாக வரும். ஆனால் திங்கள் அதிகாலை 2 மணி வேலையை யூடிசிக்கு மாற்றினால் 30 20 * * 0, அதாவது ஞாயிறு. கிழமையை மாற்ற மறந்தால் ஒரு நாள் தள்ளியே ஓடும்.

கோத்தகிரி:
மூடுபனி, மழை என்றால் இங்கே லிங்க் நொண்டும். */10, அதாவது 10 நிமிஷத்துக்கு ஒருமுறை, என்று போட்ட அப்லோட் 25 நிமிஷம் இழுக்கும். முந்தையது முடியாமலே அடுத்தது கிளம்பும், அதன் மேல் இன்னொன்று, கடைசியில் மெமரி தீரும். எஃப்லாக் கமாண்டை மைனஸ் என் (-n) கொடுத்து முன்னால் வைத்தால், பழையது ஓடும்வரை புதியது பேசாமல் திரும்பிவிடும். கூடவே டைம்அவுட் 540 (விநாடி). நேரம் மீறிக் கொல்லப்பட்டால் எக்ஸிட் கோட் 124 வரும், லாகில் அதைத் தேடலாம்.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, க்ரானில் ஓடவில்லை என்ற புலம்பலுக்கு இரண்டு காரணங்களைத்தான் அதிகம் பார்க்கிறோம். ஒன்று பாத், அதாவது கமாண்டுகளைத் தேடும் இடங்களின் பட்டியல்: க்ரானுக்கு அது மிகச் சிறியது, கமாண்டின் முழு முகவரியையும் எழுதுங்கள். மற்றது % குறி. ஃபைல் பெயரில் தேதி சேர்க்க இதைப் போடுவோம்; க்ரான்டேப் (க்ரான் வரிகளை எழுதும் பட்டியல்) அதைப் புது வரி என்று எடுத்துக்கொண்டு கமாண்டை அங்கேயே வெட்டிவிடும். முன்னால் \ வைக்க வேண்டும். ஸ்கிரிப்ட் ஃபைலுக்குள் என்றால் வேண்டாம்.

குன்னூர், தேயிலை ஃபேக்டரி சர்வர்:
கோத்தகிரி அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: தேதியும் கிழமையும் இரண்டுமே கொடுத்தால் இரண்டும் பொருந்த வேண்டும் என்று அர்த்தம் இல்லை, ஏதாவது ஒன்று போதும். 0 21 1 * 1 என்றால் ஒன்றாம் தேதியும் ஓடும், எல்லாத் திங்களும் ஓடும்.

ஊட்டி:
க்ரான்டேப் மைனஸ் ஈ (-e) திருத்த, மைனஸ் ஆர் (-r) மொத்தமும் அழிக்க. கீபோர்டில் பக்கத்துப் பக்கத்துச் சாவி, கேட்காமலே அழித்துவிடும். குளிரில் விரல் விறைத்திருக்கும் மார்கழிக்காகவாவது பட்டியலைக் காட்டும் மைனஸ் எல் (-l) கொடுத்து ஒரு ஃபைலில் எடுத்து, அதையும் பேக்கப்பில் சேருங்கள்.