மின்னோட்டவியல் பாடம்: இணையம் இல்லாத வகுப்பில் சிமுலேஷன் காட்டுபவர்கள் உதவுங்கள்

ஆசிரிய நண்பர்களுக்கு வணக்கம். கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன்.

2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு இருக்கிறது. ஸ்கேன் செய்தால் காணொளி கிடைக்கும். ஆனால் எங்கள் வகுப்பறையில் சிக்னல் நிற்காது, படம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) சிமுலேஷன்களை, அதாவது திரையிலேயே செய்து பார்க்கும் மாதிரிச் சோதனைகளை, வீட்டிலேயே பதிவிறக்கி, மடிக்கணினியில் காட்டுகிறேன். ஓம் விதிக்கு அது அருமை. மின்தடையைக் கூட்டினால் திரையில் உள்ள சமன்பாட்டில் அதைக் குறிக்கும் ‘ஆர்’ எழுத்து பெரிதாகும், மின்னோட்டத்தைக் குறிக்கும் ‘ஐ’ சுருங்கும். கணக்கென்றாலே ஒதுங்கும் பிள்ளைகள்கூட முன்னால் வந்து நகர்த்திப் பார்க்கிறார்கள்.

என் கவலை வேறு. திரையில் இணைப்பு தளர்வதில்லை, பேட்டரி இறங்குவதில்லை. நிஜக் கம்பியைக் கையில் கொடுத்தால் அம்மீட்டரைத் தொடரிலும் வோல்ட்மீட்டரைப் பக்க இணைப்பிலும் வைக்கத் தடுமாறுகிறார்கள். அளவீடு கொஞ்சம் விலகினால், சோதனையே தப்பு என்று விட்டுவிடுகிறார்கள். ஏன் விலகியது என்று தேடுவதுதானே அறிவியல்?

சரி, கேள்விக்கு வருகிறேன். செய்முறையை முதலில் வைத்துவிட்டு அப்புறம் சிமுலேஷன் காட்டியவர்கள் இருக்கிறீர்களா? பிள்ளைகளிடம் வித்தியாசம் தெரிந்ததா? ஒரே மடிக்கணினியை வைத்து, பின்வரிசைப் பிள்ளைகளையும் எப்படி ஈடுபடுத்துகிறீர்கள்? தமிழில் நீங்கள் தயாரித்த பயிற்சித்தாள் இருந்தால் பகிருங்கள், பேருதவியாக இருக்கும்.