மறு: மறு: ‘பூட்’ ஆவதற்கு ஒரு சொல் (வெள்ளிக்குள் வேண்டும்)

> பாடக்குறிப்பு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. ‘பூட்’ ஆவதற்கு, அதாவது கணினியை இயக்கியதும் அது வேலைக்குத் தயாராவதற்கு, ‘துவக்கு’ என்றே போட்டுவிடவா?

வேண்டாம் அக்கா. குறிப்பு யாழ்ப்பாணப் பள்ளிகளுக்கும் போகிறதே. அங்கே துவக்கு என்றால் துப்பாக்கி.

> அப்படியானால் ‘தொடக்கு’. தொடங்கு தன்வினை, தொடக்கு பிறவினை. இலக்கணம் சுத்தம்.

இலக்கணம் சரி ஐயா. ஆனால் அதே ஊர்ப்பக்கம் தொடக்கு தீட்டையும் குறிக்கும். அதைவிடப் பெரிய குறை, நிரலும் தொடங்கும், நிறுவலும் தொடங்கும். பழைய கணினியில் திரை கறுத்து நின்றால் எந்தப் படியில் நின்றது என்பதுதானே கேள்வி? முதலில் பயாஸ் (தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும் நிரல்) வட்டின் முதல் 512 பைட்டைப் படிக்கிறது. அதில் ஒரு குட்டி நிரல் இருக்கிறது. அது கிரப் என்ற பெரிய நிரலை அழைக்க, கிரப் கருனியை (இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை) நினைவகத்தில் ஏற்றுகிறது.

32 பிட் கணினியில் 64 பிட் டெபியன் லினக்ஸ் வட்டைப் போட்டுப் பாருங்கள். “64 பிட் செயலி வேண்டும், இருப்பது ஐ686, பூட் செய்ய இயலவில்லை” என்று வரும் (ஐ686 என்பது 32 பிட் செயலி). அதைச் சொல்வதே கருனிதான்! ஏற்றும் வேலை முடிந்துவிட்டது. இதைத் ‘தொடக்கப் பிழை’ என்று மொழிபெயர்த்தால் மாணவர் வன்தட்டைக் கழற்றப் போவார். அவருக்கு வேண்டியதோ 32 பிட் டெபியன் 12. பதிப்பு 13-இல் 32 பிட் நிறுவியே கிடையாது.

ஆகவே இரண்டு சொல் கேட்கிறேன். முழு நிகழ்வுக்கு ‘எழுப்பு’: கணினி எழுகிறது, நாம் எழுப்புகிறோம். கிரப்புக்கு ‘ஏற்றி’. ‘கிரப் ரெஸ்கியூ’ என்று நின்றால் அது ஏற்றிப் பிழை.

> உறக்கநிலையிலிருந்து வருவதும் எழுவதுதானே?

அதற்கு ‘விழிப்பு’ போதும். பள்ளியெழுச்சி பாடிய மொழியில் இந்த வேறுபாடு பிடிபடாமல் போகாது.

> கடைக்காரர் முதல் பிள்ளைகள் வரை ‘பூட் ஆகலை’ என்கிறார்கள். அதையே எழுதினால் என்ன?

பேச்சில் இருக்கட்டும். ஆனால் ‘பூட்’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு பயாஸின் குறையையும் கிரப்பின் குறையையும் எப்படிப் பிரித்துச் சொல்வீர்கள்? சொல்லடைவில் பூட் இருக்கும், பக்கத்தில் எழுப்பு.

மறுப்பு இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.

————

உங்கள் மடலுக்கு என் பதில்: ‘ஏற்றி’ சரி, வரவேற்கிறேன். ‘எழுப்பு’க்கு என் இசைவு இல்லை. எங்கள் பக்கம் சுவரைத்தான் எழுப்புவோம். அச்சில் எது வந்தாலும் என் வகுப்பில் ‘தொடக்கு’ என்றே சொல்வேன்.