மாத்திரைக் கணக்கு: மூச்சுப் பயிற்சியில் நாங்கள் பட்டதும் பெற்றதும்

காவிரிக்கரையான், திருவையாறு

ஓய்வுபெற்ற தமிழாசிரியன் நான். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று 31 ஆண்டுகள் கை நொடித்துச் சொல்லிக்கொடுத்தவனுக்கு, ஓய்வுபெற்ற மறு ஆண்டே மருத்துவர் வேறொரு மாத்திரையை எழுதிக்கொடுத்தார். இரத்த அழுத்தம் 160-க்கு 100 இருந்தது. காலையில் ஒன்று, வாழ்நாள் முழுவதும் என்றார். அந்த ‘வாழ்நாள் முழுவதும்’தான் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த நாட்களில் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். இயமம் முதல் சமாதி வரை எட்டுப் படிகள் கொண்ட அட்டாங்க யோகத்தை விரித்துரைக்கும் பகுதி அது. மூச்சை ஒழுங்குபடுத்தும் பிராணாயாமத்துக்குத் திருமூலர் அங்கே கணக்கே கொடுத்திருக்கிறார். இடப்பக்க மூக்கின் வழியே 16 மாத்திரை அளவு மூச்சை உள்ளிழுப்பது பூரகம், 64 மாத்திரை உள்ளே நிறுத்துவது கும்பகம், 32 மாத்திரையில் வெளிவிடுவது இரேசகம். மாத்திரை என்ற சொல்லைக் கண்டதும், இது நம் பாடம்தானே என்ற துணிச்சல் வந்துவிட்டது. கற்றுக்கொடுக்க யாரையும் தேடாமல், விடியற்காலையில் கொல்லைப்புறத்தில் பலகை போட்டு உட்கார்ந்து, தொடையில் கையை வைத்து நொடித்து எண்ணத் தொடங்கினேன். 64 வராது. 40-ஐத் தாண்டும்போதே காதுக்குள் இரைச்சல் கேட்கும், கழுத்து நரம்பு புடைக்கும். பயிற்சி ஏறுவதன் அடையாளம் அது என்று நானே பொருள் சொல்லிக்கொண்டேன். ஒரு மாத்திரை வாய்த்துவிட்டதால் மற்ற மாத்திரை வேண்டாம் என்று, மருத்துவர் கொடுத்ததை வீட்டில் யாருக்கும் சொல்லாமல் நிறுத்தியும்விட்டேன். மூன்று வாரம் சென்றிருக்கும். ஒரு நாள் 50-ஐ எட்டிய மகிழ்ச்சியில் சட்டென்று எழுந்தவன், கண் இருண்டு துவைகல்லின் மேல் சாய்ந்தேன். வலப் புருவத்தில் நான்கு தையல் போட்டார்கள்.

தையல் பிரிக்கச் சென்ற அரசு மருத்துவமனையிலேயே யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு ஒன்று இருந்தது. அங்கிருந்த மருத்துவர் என் கடைசி வகுப்பு மாணவர்களின் வயதுடைய பெண். நான் 16, 64, 32 என்று ஒப்பித்ததைப் பொறுமையாகக் கேட்டவர், “சார், இயமம், நியமம், ஆசனம் எல்லாம் முடிந்த பிறகுதானே பிராணாயாமம் வருகிறது? நீங்கள் ஏணியே இல்லாமல் நான்காவது படியில் ஏறி நின்றிருக்கிறீர்கள்” என்றார். இலக்கணம் சொல்லிக் கொடுத்தவனுக்கு வரிசை முறையை ஒரு சிறு பெண் நினைவூட்ட வேண்டியிருந்தது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கிப் பிடிப்பது கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி, நிறுத்திய மாத்திரையை அன்றே தொடங்கவைத்து, அதன் பிறகுதான் பாயில் படுக்கச் சொன்னார்.

அவர் கற்றுக்கொடுத்தது பார்வைக்கு ஒன்றுமே இல்லை. மல்லாந்து படுத்து, ஒரு கையை மார்பின் மேலும் மற்றொரு கையைத் தொப்புளுக்கு மேலும் வைத்துக்கொள்ள வேண்டும்; மூச்சை இழுக்கும்போது வயிற்றின் மேல் உள்ள கை மட்டும் எழ வேண்டும், மார்பின் மேல் உள்ள கை அசையக் கூடாது. எனக்கு நேர்மாறாக நடந்தது. இத்தனை ஆண்டு மேல் மார்பால் மூச்சுவிட்டே வகுப்பில் கத்தியிருக்கிறேன் என்று அன்றுதான் தெரிந்தது. வயிறு எழுந்து தாழப் பத்து நாள் பிடித்தது. பிறகு நான்கு எண்ணி உள்ளிழுத்து, நிறுத்தாமல், ஆறு எண்ணி வெளிவிடச் சொன்னார். அப்படிச் செய்துகொண்டே மணிக்கட்டில் நாடியைத் தொட்டுப் பார்க்கும்படி அவர் சொன்னபோது நான் கண்டதை இன்றும் மறக்கவில்லை. மூச்சு உள்ளே போகையில் நாடி சற்று விரைகிறது; வெளியேறுகையில் தயங்கித் தயங்கி அடிக்கிறது. இதயத்தைத் தணிக்கும் நரம்பு வெளிமூச்சின்போது மிகுதியாக வேலை செய்வதால்தான் வெளிமூச்சை நீட்டச் சொல்கிறோம் என்று விளக்கினார்.

ஐந்து ஆண்டுகளாகக் காலையும் மாலையும் பத்து நிமிடம் இதைச் செய்கிறேன். அழுத்தம் இப்போது 130-ஐ ஒட்டி நிற்கிறது. அதில் மூச்சின் பங்கு எவ்வளவு, மாத்திரையின் பங்கு எவ்வளவு, உப்புக் குறைத்ததன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலாது. கோபம் குறைந்தது மட்டும் மூச்சால்தான் என்று என் மனைவி அடித்துச் சொல்கிறார்.

வைகை வாசகன், மதுரை

ஐயா எழுதியதைப் படித்ததும் என்னுடையதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 17 ஆண்டுகள் நாள் தவறாமல் சிரசாசனம் செய்தவன் நான். அலுவலகத்தில் அதற்காகவே என்னைச் சுட்டிக்காட்டுவார்கள். மூக்குக்கண்ணாடி மாற்றப் போன இடத்தில், கண் நீர் அழுத்த நோய் (குளுக்கோமா) தொடங்கிவிட்டது என்றும் பார்வை நரம்பு ஓரளவு தேய்ந்திருக்கிறது என்றும் சொன்னார்கள். தலைகீழாக நிற்கும் பழக்கம் உண்டா என்று மருத்துவர் கேட்டது எல்லாச் சோதனையும் முடிந்து, நான் எழுந்த பிறகுதான். அந்த ஆசனத்தில் இருக்கும் நேரம் கண்ணின் அழுத்தம் ஏறக்குறைய இருமடங்காகிவிடுமாம். நோய்க்குக் காரணம் சிரசாசனம் என்று அவர் சொல்லவில்லை. நோய் உள்ள கண்ணுக்கு அது ஆகாது என்றுதான் சொன்னார். தோளை ஊன்றிக் கால்களை மேலே தூக்கும் சர்வாங்காசனத்தையும் அன்றே விட்டேன். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு நாளும் கண்ணைப் பற்றிக் கேட்டதில்லை என்பதில் வருத்தம் உண்டு. சொட்டு மருந்தும் நடைப்பயிற்சியும் சவாசனமுமாகக் காலை கழிகிறது. தலைகீழாக நின்றபோது இருந்த நிமிர்வு இவற்றில் இல்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

உடுமலைக்காரி

என் சிக்கல் உடம்பில் இல்லை, தூக்கத்தில். இரவு மூன்று மணிக்கு விழித்தால் விடியும் வரை கவலைக் கணக்குத்தான். வேதாத்திரி மகரிஷியின் அறிவுத்திருக்கோயில் இருக்கும் ஆழியாறு எங்களுக்குப் பக்கம் என்பதால், மனவளக்கலை என்னும் அவருடைய யோக முறையைச் சொல்லிக்கொடுக்கும் மன்றம் ஊரிலேயே இருந்தது. கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் 1911-இல் பிறந்தவர் அவர். அதனால்தானோ என்னவோ, அவர் வகுத்த எளிய முறை உடற்பயிற்சியில் என்னைப் போல் மாட்டுத் தொழுவத்துக்கும் அடுப்படிக்கும் இடையே நடப்பவர்களால் செய்ய முடியாதது எதுவும் இல்லை. கைப்பயிற்சி, கால்பயிற்சி, மூச்சு, கண், படுத்துச் செய்யும் மகராசனம் என்று போகும். மகராசனம் என் இடுப்புக்கு நன்றாகவே உதவியது.

ஆனால் தூக்கத்தைக் கொடுத்தது, நம்மை நாமே ஆராய்ந்து பார்க்கும் அகத்தாய்வுப் பயிற்சியில் வரும் கவலை ஒழித்தல். கவலைகளை நான்காகப் பிரிக்கச் சொல்கிறார்கள்: அனுபவித்தே தீர வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, அலட்சியம் செய்ய வேண்டியவை, உடனே செயல்பட்டுத் தீர்க்க வேண்டியவை. பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் நான்கு கட்டம் போட்டேன். அத்தைக்கு நினைவு தவறிவருவது முதல் கட்டம். மகனுடைய திருமணம் இரண்டாவது. என் நாத்தனார் 2009-இல் ஒரு புதுமனை புகுவிழாவில் எல்லோர் முன்னாலும் சொன்ன ஒரு வார்த்தை மூன்றாவது. அதை எழுதிப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான்காவது கட்டத்தில் விழுந்தது ஒன்றே ஒன்று: மாமனார் பெயரிலேயே கிடந்த தோட்டத்துப் பட்டா. ஆறு ஆண்டுகளாக இரவில் என்னை எழுப்பியது பெரும்பாலும் அதுதான். எழுதிய வாரமே விண்ணப்பம் கொடுத்தேன். வேலை முடிய மாதங்கள் ஆயின. ஆனால் விண்ணப்பித்த இரவே தூங்கினேன்.

தியானத்தைவிட இந்தக் கட்டம் போடுவதுதான் எனக்கு யோகம். மன்றத்தில் இதைச் சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். உடன் பயின்ற ஒருவர், பயிற்சி செய்தால் போதும், தைராய்டு மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று எனக்கு யோசனை சொன்னார். நல்லவேளையாக நான் ஐயாவைப் போல் நிறுத்திப் பார்க்கவில்லை, மன்னியுங்கள்.

ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். அத்தைக்கு 78 வயது, மாலையானால் படபடப்பு வருகிறது. அவர்களால் தரையில் படுக்க முடியாது. நீங்கள் சொன்ன மூச்சை அவர்கள் செய்யலாமா?

காவிரிக்கரையான்

மன்னிப்பெல்லாம் எதற்கு அம்மா, புருவத்தில் தழும்பே இருக்கிறது. அந்தப் படபடப்பு எதனால் என்று முதலில் அவர்களுடைய மருத்துவரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சரி என்றால், கை வைத்த நாற்காலியில் இரு பாதமும் தரையில் படும்படி உட்காரவைத்துச் செய்யலாம். உண்டவுடன் வேண்டாம். நான்கும் ஆறும் அவர்களுக்கு நீளமாக இருக்கும். மூன்று எண்ணி இழுத்து நான்கு எண்ணி விட்டால் போதும். கபாலபதி போன்ற வேகமான மூச்சுகளின் பக்கமே போக வேண்டாம். நினைவு தவறுகிறது என்கிறீர்களே, எண்ணுகிற வேலையை அவர்களுக்குக் கொடுக்காமல், எதிரில் உட்கார்ந்து நீங்களே மெல்லச் சொல்லி எண்ணுங்கள். இடையில் எண்ணிக்கை தவறினாலும் ஒன்றும் இல்லை. எனக்கே பல நாள் பதினொன்றாவது மூச்சோடு தவறிவிடுகிறது, மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.